நோட்டில் வரைந்து வைத்த பழி

கேள்வி: நாங்கள் பெரம்பூரில் குடியிருக்கிறோம். கணவர் ஷிப்ட் வேலை பார்ப்பவர். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ஒரே மகன், வயது 16, பிளஸ் ஒன் படிக்கிறான். சிறு வயதிலிருந்தே நன்றாக வரைவான். யாருடைய கையெழுத்தையும் அப்படியே எழுதிக் காட்டுவான். பள்ளி ஆண்டு விழா என்றால் மேடை அலங்காரம் இவன் பொறுப்புதான்.

சில மாதங்களுக்கு முன் வகுப்பில் ஒரு பையன், இவன் தைத்துப் போட்டிருந்த ஷூவைக் காட்டிக் கேலி செய்து ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறான். வகுப்பே அந்தப் பெயரால் கூப்பிட்டிருக்கிறது. எங்களிடம் இவன் மூச்சுவிடவில்லை. இரண்டு வாரங்களுக்கு முன் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். பள்ளி முத்திரை, தலைமை ஆசிரியர் கையெழுத்து எல்லாம் அச்சு அசலாக வைத்து ஒரு சுற்றறிக்கை தயாரித்திருக்கிறான். அந்தப் பையன் பணம் திருடியதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டான் என்று அதில் எழுதி, வேறொரு மாணவன் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அந்தப் பையன் இப்போது பள்ளிக்கே வருவதில்லையாம். என் மகனை இடைநீக்கம் செய்திருக்கிறார்கள்.

அவனுடைய நோட்டைப் பார்த்தபோதுதான் எனக்குக் கை கால் நடுங்கியது. யார் முதலில் பார்ப்பார்கள், யார் மேல் சந்தேகம் போகும், எந்த நேரத்தில் போட்டால் ஆசிரியர்கள் கண்ணில் படாது என்று அம்புக்குறி போட்டு வரைந்து வைத்திருக்கிறான். கோபத்தில் கை நீட்டியிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். இவ்வளவு நிதானமாக ஒருவனைக் கெடுக்க என் பிள்ளைக்கு எப்படித் தோன்றியது?

கணவர் டேப்லெட்டையும் கலர், பிரஷ் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அவனோடு பேசுவதும் இல்லை. மாமியாரோ, 'என் பேரனுக்கு என்ன மூளை பார்' என்கிறார். செல்போன் கடை வைத்திருக்கும் என் தம்பி, எதிர்க்கடைக்காரரைக் கிண்டல் செய்து படம் போட இவனை அனுப்பு, திறமையாவது வீணாகாது என்கிறான். வீட்டில் ஏற்கெனவே நிம்மதி கிடையாது. காஞ்சிபுரம் பக்கத்தில் இருந்த பூர்வீக வீட்டைக் கணவரின் அண்ணன் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டதிலிருந்து தினமும் இரவு அதே பேச்சுதான். திறமைதான் இவனைக் கெடுத்ததா? எங்கள் மேல் தவறு இருக்கிறதா? என்ன செய்ய வேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

சகோதரி, உங்கள் மகனைப் பற்றிப் பேசுவதற்கு முன் வேறு இரண்டு பிள்ளைகளைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஒருவன், பள்ளிக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவன். 'திருடன்' என்ற பெயர் இந்த வயதில் ஒருவன் மேல் விழுந்தால், அது பொய் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் சட்டென்று உதிராது. இன்னொருவன், எந்தச் சம்பந்தமும் இல்லாமல் தன் பெயரில் போலிக் கணக்கு தொடங்கப்பட்டவன். அவனையும் அவன் பெற்றோரையும் பள்ளியில் எத்தனை கேள்வி கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவர்கள் இருவருக்கும் செய்ய வேண்டியதைச் செய்யாமல் உங்கள் மகனைத் திருத்தும் வேலை எதுவும் உருப்படாது.

அந்தச் சுற்றறிக்கை எந்தக் குழுவில் வந்ததோ அதே குழுவில், பள்ளி நிர்வாகத்தின் அனுமதியோடு, அது முழுக்கப் பொய், தானே தயாரித்தது என்று உங்கள் மகன் தன் சொந்தப் பெயரில் எழுத வேண்டும். பெயர் பயன்படுத்தப்பட்ட மாணவனுக்கு இதில் பங்கில்லை என்பதும் அதில் இருக்க வேண்டும். பிறகு நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்தக் குடும்பங்கள் சம்மதித்தால் மட்டும், பள்ளி வழியாக, நீங்களும் உங்கள் கணவரும் கூடப் போய். மன்னிப்புக் கேட்கும்போது ஷூவைப் பற்றி ஒரு வார்த்தையும் வரக் கூடாது. 'நீ கேலி செய்தாய், அதனால்தான்' என்று தொடங்கினால் அது வழக்காடுவதாகிவிடும். அவர்கள் மன்னிக்காமல் போகலாம். அதற்கும் அவனைத் தயார்ப்படுத்திக் கூட்டிப் போங்கள்.

ஷூவின் கதையை நான் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அதை வேறொரு நாள், வேறொரு கடிதமாக, நீங்கள் பள்ளிக்கு எழுத வேண்டும். ஒரு பிள்ளையை வகுப்பே மாதக்கணக்கில் பட்டப்பெயரால் அழைத்தது ஆசிரியர் காதில் விழவில்லை என்றால் அதுவும் விசாரிக்க வேண்டிய விஷயம். இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துச் சரிசெய்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன். இன்னொருவர் அடையாளத்தைத் தனதாகக் காட்டி ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் குற்றமாகக்கூடியது. கையெழுத்தையும் முத்திரையையும் போலியாக உருவாக்குவது தனிக் குற்றம். 18 வயது நிறையாததால் புகார் என்று வந்தாலும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படிதான் விசாரணை நடக்கும். அவன் பெயரையோ படத்தையோ யாரும் வெளியிட முடியாது. இதைச் சொல்லி அவனை மிரட்ட வேண்டாம். தெரிய வேண்டிய தகவலாகச் சொல்லுங்கள், போதும்.

இனி உங்கள் முதல் கேள்வி. திறமை கெடுத்ததா? இல்லை.

மனிதர்கள் கற்பனைத் திறனைப் பிறருக்குத் தீங்கு செய்யப் பயன்படுத்துவதை உளவியலாளர்கள் தனியாகவே ஆராய்ந்து வருகிறார்கள். டேவிட் கிராப்ளி, ஜேம்ஸ் காஃப்மன், ஆர்தர் கிராப்ளி ஆகிய மூவரும் 2008இல் பயங்கரவாதத்தையும் குற்றங்களையும் முன்வைத்துத் 'தீங்கிழைக்கும் படைப்பாற்றல்' பற்றி எழுதினார்கள். அதன் பிறகு ஆய்வு சாதாரண மனிதர்களின் அன்றாட வாழ்க்கைப் பக்கம் திரும்பியது. நிங் ஹாவோ என்ற சீன ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2016இல் இதை அளக்க ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். அதில் மூன்று வகைச் செயல்கள் பற்றிக் கேட்கப்படுகிறது: பிறரைப் புண்படுத்துதல், பொய் சொல்லுதல், தந்திரம் செய்து மாட்டிவிடுதல். உங்கள் மகன் செய்ததில் இந்த மூன்றும் இருக்கின்றன. அந்தக் கேள்வித்தாளை நிரப்பியவர்கள் சிறைக் கைதிகள் அல்லர், கல்லூரி மாணவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இது நம் எல்லோருக்கும் வெகு தொலைவில் இருக்கும் ஏதோ ஒரு கொடூரம் என்று நினைத்துக்கொண்டால் நம் வீட்டுக்குள் இருப்பது கண்ணில் படாது.

வரையத் தெரிந்ததால் அவனுக்குப் பழிவாங்கத் தோன்றவில்லை. பழிவாங்கத் தோன்றியபோது கையருகில் இருந்தது வரைகலை. பேச்சுத் திறமை இருந்திருந்தால் வதந்தி கிளப்பியிருப்பான். கணக்கில் கெட்டிக்காரனாக இருந்திருந்தால் வேறு ஏதாவது வழி கண்டுபிடித்திருப்பான். தேட வேண்டியது, பழி எங்கே ஊறியது என்பதைத்தான்.

அது அசைபோடுதலில் ஊறியது. பட்டப்பெயர் வைக்கப்பட்ட நாளையும் சுற்றறிக்கை வெளிவந்த நாளையும் விட, அவற்றுக்கு இடைப்பட்ட மாதங்கள்தான் எனக்கு முக்கியமாகத் தெரிகின்றன. அந்த மாதங்களில் அவன் என்ன செய்துகொண்டிருந்தான்? சாப்பிட்டான், டியூஷன் போனான், தூங்கினான். உள்ளுக்குள் அதே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டினான். அவன் என்ன சொன்னான், யார் யார் சிரித்தார்கள், நான் ஏன் வாயடைத்து நின்றேன், என்ன பதில் சொல்லியிருக்கலாம், இனிமேல் என்ன செய்யலாம். ஒரு சம்பவத்தை நூறு முறை ஓட்டிப் பார்க்கிறவனுக்கு நூறாவது தடவையும் புதிதாக ஒரு நுணுக்கம் கிடைக்கும். கற்பனை உள்ள பிள்ளைக்கு இன்னும் அதிகமாகவே கிடைக்கும். ஓவியம் வரைகிறவன் ஒரே முகத்தைப் பல தடவை வரைந்து பார்த்துத்தான் அந்த முகத்தைப் பிடிக்கிறான். அதே பொறுமை, அதே கவனம், அதே திருத்தம் எல்லாம் இங்கே பழியின் பக்கம் போயிற்று. 'இவ்வளவு நிதானமாக' என்று நீங்கள் அஞ்சுகிறீர்களே, அந்த நிதானத்தைக் கல்நெஞ்சத்தின் அடையாளமாக நான் பார்க்கவில்லை. பல மாதம் தனியாக ஒரு காயத்தோடு உட்கார்ந்திருந்ததன் அடையாளமாகப் பார்க்கிறேன். செய்த தீங்கு அதனால் குறைந்துவிடாது. எங்கே கை வைக்க வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது.

அசைபோடுவது கோபத்தைத் தணிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். 'உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டித் தீர்க்கட்டும்' என்பார்கள். அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட சோதனையை இந்த இடத்தில் பெற்றோர்களுக்கு நான் எப்போதும் சொல்வதுண்டு. 600 கல்லூரி மாணவர்கள். ஒவ்வொருவரும் எழுதிய கட்டுரையை யாரோ மோசமாகத் திட்டித் திருப்பிக் கொடுத்ததாகச் செய்து முதலில் கோபமூட்டினார்கள். பிறகு ஒரு பிரிவினரை, திட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரை, உடம்புக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டு குத்தச் சொன்னார்கள். மூன்றாவது பிரிவினர் எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எதிரியை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கடைசியில் கோபம் அதிகமாக இருந்தது. பழிவாங்க வாய்ப்புக் கொடுத்தபோது கடுமையாக நடந்துகொண்டவர்களும் அவர்களே. சும்மா உட்கார்ந்திருந்தவர்களே அவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள்.

கை எதைக் குத்துகிறது என்பதைவிட மனம் யாரைக் குத்துகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் மகனை மைதானத்துக்கு அனுப்புவது நல்லது. அவன் அந்தப் பையன் முகத்தை நினைத்துக்கொண்டே ஓடினால் ஓட்டத்தால் பயனில்லை.

அடுத்த கேள்வி, உங்கள் மேல் தவறு இருக்கிறதா என்பது. தவறு யார் மேல் என்று பங்கு பிரிப்பது என் வேலையில்லை; அதனால் உங்களுக்கும் பயன் இல்லை. ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். பூர்வீக வீட்டைப் பற்றி தினமும் இரவு அதே பேச்சு என்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் நான் அதிக நேரம் நின்ற இடம் அதுதான்.

உங்கள் கணவருக்கு அநீதி நடந்திருக்கலாம். உடன்பிறந்த அண்ணனே ஏமாற்றினார் என்பது சாதாரண வலி இல்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று உங்கள் மகனின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெரியப்பா அன்று என்ன சொன்னார், பத்திரப் பதிவு அலுவலகத்தில் எப்படி நடந்துகொண்டார், நாம் எப்படி ஏமாந்தோம், ஒருநாள் அவருக்கு எப்படிப் பாடம் கற்பிக்கலாம். இது உங்கள் வீட்டுப் பேச்சை நான் கேட்டு எழுதியதல்ல. இப்படிப்பட்ட வீடுகளில் இருந்து வருகிறவர்கள் என்னிடம் சொல்வது. உங்கள் வீட்டுக்கும் பொருந்துமென்றால், ஒரு பிள்ளை என்ன கற்றுக்கொண்டிருப்பான் என்று யோசியுங்கள். அவமானம் வந்தால் அதை இப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கற்றுக்கொண்டிருப்பான். தினமும் எடுத்துப் பார்த்து, தேய்த்து, கூர்தீட்டி. பெரியவர்கள் அதை வாயால் செய்தார்கள். அவன் நோட்டில் செய்தான்.

குடும்ப ஆதரவு என்றதும், பிள்ளை பக்கம் நிற்பது, அவன் எதிரியை நாமும் சேர்ந்து திட்டுவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சேர்ந்து அசைபோடுவதும் ஆராயப்பட்டிருக்கிறது. பதின்ம வயதுத் தோழர்கள், தோழிகள் ஒரே குறையைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருப்பதைப் பற்றி அமண்டா ரோஸ் என்ற ஆய்வாளர் 2002இல் எழுதினார். அப்படிப் பேசுகிறவர்களின் நட்பு நெருக்கமாக இருந்தது. மனச்சோர்வும் பதற்றமும்கூட அவர்களிடம் அதிகமாகவே இருந்தன. நெருக்கம் கிடைக்கிறது என்பதால்தான் இந்தப் பழக்கம் விடுபடுவதில்லை. நம் குடும்பங்களில் பொது எதிரி ஒருவர் இருந்தால் எல்லோரும் ஒற்றுமையாகிவிடுகிறோம். அந்த ஒற்றுமைக்குப் பிள்ளைகள் கொடுக்கும் விலை பெரியது.

அப்படியானால் எது ஆதரவு? உளவியலில் குடும்ப ஆதரவை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஒரு கேள்வித்தாள், கிரெகரி சிமெட்டும் உடன் ஆய்வாளர்களும் 1988இல் வெளியிட்டது. மொத்தம் 12 வாக்கியங்கள். அவற்றில் நான்கு குடும்பத்தைப் பற்றியவை. என் குடும்பம் எனக்கு உண்மையிலேயே உதவ முயல்கிறதா, என் பிரச்சினைகளை வீட்டில் பேச முடிகிறதா, முடிவெடுக்க வீட்டார் துணை நிற்கிறார்களா என்ற ரீதியில் அவை இருக்கும். எவ்வளவு செலவு செய்தார்கள், எத்தனை டியூஷன் வைத்தார்கள் என்ற கேள்வியே கிடையாது. பெற்றோரிடமும் கேட்பதில்லை, பிள்ளையிடம்தான் கேட்கிறார்கள். 'பிரச்சினையை வீட்டில் பேச முடிகிறதா' என்ற கேள்விக்கு உங்கள் மகன் அந்த மாதங்களில் என்ன பதில் எழுதியிருப்பான்? கிழிந்த ஷூவைத் தைத்துப் போட்டதற்காகக் கேலி செய்கிறார்கள் என்று சொன்னால் அப்பாவுக்கு வேதனையாக இருக்கும், புது ஷூ வாங்கக் கடன் வாங்குவார், அல்லது பள்ளிக்கு வந்து சண்டை போடுவார் என்று அவன் நினைத்திருக்கலாம். உங்களைக் காப்பாற்றுவதற்காகவே பேசாமல் இருந்திருக்கலாம். அவனிடம் கேட்டால்தான் தெரியும்.

குடும்பம் துணையிருக்கிறது என்று உணரும் பிள்ளைகள் பொதுவாகக் குறையை மனத்தில் போட்டு உழப்புவது குறைவு. இப்படிப்பட்ட கேள்வித்தாள் ஆய்வுகள் தொடர்பைக் காட்டுமே தவிர, எது எதை உண்டாக்கியது என்று தீர்ப்புச் சொல்லாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் என் அறைக்கு வரும் குடும்பங்களில் நான் பார்ப்பது இதுதான்: யாரிடமாவது முழுதாக ஒருமுறை சொல்லி, அவரும் முழுதாகக் கேட்டுவிட்டால், அந்தக் காட்சி மனத்தில் திரும்ப ஓடும் வேகம் குறைகிறது.

உங்கள் வீட்டில் இப்போது அவனுக்குக் கிடைப்பவை இரண்டு. அப்பாவின் மௌனம், பாட்டியின் பாராட்டு. இரண்டுமே அவனைத் தனியாக விடுகின்றன. அப்பா பேசாத அறையில் அவன் மறுபடியும் அசைபோடத்தான் செய்வான். இந்தத் தடவை அப்பாவும் கதையில் சேர்ந்திருப்பார். பாட்டியின் பாராட்டு அதைவிட ஆபத்தானது. அவன் செய்த வேலையில் மூளை இருந்தது உண்மை. அதை ரசிக்க வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால் அடுத்ததை அவருக்காகவே செய்வான். மாமியாரிடம் நீங்கள் பேசினால் எடுபடாது என்றால் உங்கள் கணவர் பேசட்டும். பேரன் மேல் பாசம் இருப்பவர்தானே; அந்த இன்னொரு பையனுக்கும் ஒரு பாட்டி இருப்பார் என்று சொல்லிப் பாருங்கள்.

உங்கள் கணவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இடைநீக்கம் முடிவதற்குள் அவர் மகனோடு பேசத் தொடங்கிவிட வேண்டும். பைக்கில் உட்கார வைத்துக் கடற்கரைக்கோ கடைத்தெருவுக்கோ கூட்டிப் போகட்டும். எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசுவது விசாரணை மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் நடந்தால் பையன்கள் எளிதாகப் பேசுவார்கள். 'ஏன் இப்படிச் செய்தாய்' என்று தொடங்க வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பெரியவர்களிடமே பதில் இருக்காது. 'ஷூவைக் கேலி செய்தார்களாமே, என்ன நடந்தது' என்று கேட்கட்டும். பிறகு 'அப்புறம்?' மட்டும் போதும். அறிவுரை அன்றைக்கு வேண்டாம். 'நான் இருந்திருந்தால் அவனை என்ன செய்திருப்பேன் தெரியுமா' என்பது கட்டாயம் வேண்டாம்.

அவன் ஒருமுறை முழுதாகச் சொல்லி முடித்த பிறகு, இன்னொரு நாள், அதே சம்பவத்தை வேறு இடத்திலிருந்து சொல்லச் சொல்லலாம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவன் பார்த்ததாக, 'நான்' என்ற சொல்லே வராமல். ஈதன் கிராஸ், ஓஸ்லெம் அய்டுக் ஆகியோர் நடத்திய சோதனைகளில், நடந்ததைத் தள்ளி நின்று பார்க்கச் சொன்னபோது கோபமும் கொந்தளிப்பும் தணிந்தன. உள்ளே மூழ்கித் திரும்ப அனுபவித்தவர்களுக்கு அவை தணியவில்லை. உங்கள் மகன் வரைகிறவன் என்பதால் இதை அவனால் படமாகவே செய்ய முடியும். வகுப்பறையைக் கூரையிலிருந்து பார்ப்பதாக வரையட்டும். யார் எங்கே இருந்தார்கள், யார் சிரித்தார்கள், யார் சிரிக்காமல் குனிந்துகொண்டார்கள். சிரிக்காதவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் இத்தனை மாதமாக அவன் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள்.

அதற்குப் பென்சில் வேண்டும், பிரஷ் வேண்டும். பீரோவைத் திறந்து அவற்றைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். டேப்லெட்டும் செல்போனும் வேறு கணக்கு. இரவில் அறைக்குள் போகக் கூடாது, கூடத்தில்தான் பயன்படுத்த வேண்டும், எத்தனை கணக்கு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு சில வாரம் கழித்துத் திருப்பிக் கொடுங்கள். காகிதத்தையும் வண்ணத்தையும் பூட்டி வைத்தால், இத்தனை நாள் அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ஒரே விஷயத்தையும் பறித்துவிடுகிறீர்கள். மேடை அலங்காரம் செய்தவன் அவன். எழும்பூரில் 1850இல் தொடங்கப்பட்ட அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ முடித்துச் சேரலாம். ஒரு நாள் அவனைக் கூட்டிப் போய், வாசலையாவது காட்டிவிட்டு வாருங்கள். தனக்கு முன்னால் ஒரு பாதை இருக்கிறது என்று நம்பும் பிள்ளைக்குப் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்க நேரம் குறையும்.

பூர்வீக வீட்டு விவகாரத்துக்கு வருகிறேன். அதை மறந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. உரிமை உண்டென்றால் வக்கீலைப் பாருங்கள். சமரசத்துக்கு வாய்ப்பிருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். அந்தப் பேச்சுக்கு வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்குங்கள். கணவரும் நீங்களும் மட்டும், பத்திர நகல்களோடு உட்கார்ந்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பேசுங்கள். செய்ய ஒன்றும் இல்லாத வாரத்தில் பேசவும் வேண்டாம். இரவுச் சாப்பாட்டில் பெரியப்பாவின் பெயர் வரக் கூடாது. முதல் சில நாள் சாப்பாட்டு நேரம் பேச ஒன்றுமில்லாததுபோல் தோன்றும். தோன்றட்டும். உங்கள் கணவருக்கு இது கடினமாக இருக்கும். அவருடைய கோபத்துக்கும் தனியாக ஒரு காது தேவைப்படலாம்.

சில விஷயங்களை மட்டும் கவனித்துக்கொண்டே இருங்கள். அசைபோடும் பழக்கம் எப்போதும் வெளியே பாயும் என்று சொல்ல முடியாது. உள்ளேயும் திரும்பும். 1989 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது, தற்செயலாக அதற்குச் சற்று முன்புதான் சூசன் நோலன்-ஹோக்சமா என்ற உளவியலாளர் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் மனநிலையைப் பதிவு செய்திருந்தார். நிலநடுக்கத்துக்கு முன்பே அசைபோடும் பழக்கம் இருந்தவர்கள், பிறகு அதிக மனச்சோர்வுக்கு ஆளானார்கள். உங்கள் மகன் இப்போது பள்ளி முழுக்க அறியப்பட்ட குற்றவாளி. வெட்கம் அவனைத் தின்றுகொண்டிருக்கும். தூக்கம் கெடுகிறதா, சாப்பாடு குறைகிறதா, பிடித்த பொருட்களை யாருக்காவது கொடுக்கிறானா, 'நான் இருந்து என்ன பயன்' என்ற மாதிரிப் பேசுகிறானா என்று பாருங்கள். அப்படி ஏதாவது தெரிந்தால் அவனிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது. தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை (அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை) எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. அந்த வாசலை மிதித்தால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்காதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. அந்தப் பையன் பள்ளிக்கு வராததைச் சொல்லிச் சிரிக்கிறானா, பிராணிகளைத் துன்புறுத்துகிறானா, மன்னிப்புக் கேட்ட பிறகும் நோட்டில் புதிய அம்புக்குறிகள் தெரிகின்றனவா? இருந்தால் காத்திருக்காமல் ஓர் உளவியலாளரிடம் அழைத்து வாருங்கள். நோட்டைப் பற்றி இன்னொன்று. நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று அவனிடம் சொல்லிவிடுங்கள். இனி திருட்டுத்தனமாகப் பார்க்க வேண்டாம்; அவனோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். அந்தப் பக்கங்களைக் கிழித்து எறிவதா வேண்டாமா என்று அவனே முடிவு செய்யட்டும், மன்னிப்புக் கேட்டு வந்த பிறகு.

உங்கள் தம்பி கேட்டதற்குப் பதில், முடியாது என்பதுதான். எதிர்க்கடைக்காரரைக் கிண்டல் செய்து ஒரு படம்கூட அவன் கையால் வரக் கூடாது. பள்ளியில் தண்டனை கிடைத்த அதே வேலைக்கு மாமா கூலி கொடுக்கிறார் என்று ஆகிவிடும். மருமகனுக்கு உதவ வேண்டும் என்று தம்பிக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால், தன் கடைக்கு ஒரு பெயர்ப்பலகை வரையச் சொல்லட்டும். மற்றவர்களுக்குக் கொடுக்கும் கூலியையே கொடுக்கட்டும். அந்தப் பணத்தில் அவன் என்ன வாங்குவான் என்று நீங்கள் சொல்லாதீர்கள். ஷூவா, வண்ணமா, அவனே முடிவு செய்துகொள்வான்.